செம்பனை நிழலுக்கு ஐசொலெட்டா, மாஸ்க்வாவா?

மடிப்பு கேமரா வாங்க நினைக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான்: ஜெர்மனியின் அக்ஃபா ஐசொலெட், ரஷ்யாவின் மாஸ்க்வா-5. எது நல்லது என்று கேட்டால், எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கோயில் வாசலுக்கும் செம்பனைக்கும் (எண்ணெய்ப் பனை) நடுவே ஒரு மண் சாலைதான். வெளிச்சமோ மலைக்கும் மடுவுக்கும்.

இரண்டுக்கும் 120 ஃபிலிம்தான். ஐசொலெட்டில் 6×6 செ.மீ. அளவில் ரோலுக்கு 12 படம். மாஸ்க்வாவில் 6×9, எட்டே படம். ஃபிலிமைக் கழுவ வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும். கனத்திலும் ஐசொலெட்டுக்கே வெற்றி. மாஸ்க்வாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மோட்டாரில் போனால் நெஞ்சில் இடித்துக்கொண்டே வரும்.

காவடி நாளின் உச்சி வெயிலுக்கு ஐசொலெட் போதும். 85 மி.மீ. லென்ஸில் வெளிச்சம் புகும் துவாரத்தை f/11-க்குச் சுருக்கி, தூரத்தை 5 மீட்டருக்குத் திருப்பிவிட்டால், ஏறக்குறைய மூன்றரை மீட்டரிலிருந்து எட்டு மீட்டர்வரை தெளிவாக விழும். அப்புறம் தூரத்தைப் பற்றிய கவலையே இல்லை, கூட்டத்தைப் பார்த்து அமுக்கவேண்டியதுதான்.

பால்மரக் (ரப்பர்) காட்டிலாவது இலை உதிர்காலத்தில் வெயில் இறங்கும். முற்றிய செம்பனைக்குள் பகலிலேயே அந்தி. அங்கே துவாரத்தை முழுக்கத் திறந்தே ஆகவேண்டும். மாஸ்க்வாவின் 105 மி.மீ. லென்ஸை f/3.5-இல் முழுக்கத் திறந்து மூன்று மீட்டரில் ஓர் ஆளை எடுத்தால், தெளிவாக நிற்பது முப்பது சென்டிமீட்டர் சொச்சம். இதைக் கண்ணளவில் பிடிக்க முடியாது. மாஸ்க்வாவில் தூரமானி லென்ஸோடு இணைந்தது: சின்ன ஜன்னலில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றாகும்வரை சக்கரத்தைத் திருப்பினால் சரி. ஐசொலெட் II-இல் தூரமானியே கிடையாது. III-இல் உண்டு, ஆனால் இணைப்பில்லை. அளந்த எண்ணைப் பார்த்து லென்ஸ் வளையத்துக்கு மாற்றுவதற்குள் குலை வெட்டுகிறவர் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார்.

பழுதென்று பார்த்தால் ஐசொலெட்டின் துருத்தி (லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே விரியும் மடிப்புக் கூடு) பேர் பெற்றது, கெட்ட பேர்தான். மடிப்பு மூலைகளில் ஊசித் துளை விழும். இருட்டறையில் பின்மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். வெளியே ஒரு புள்ளி மின்னினாலும் துருத்தி மாற்றும் செலவை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தூர வளையத்தில் பூசிய பச்சை கிரீஸ் வேறு இறுகி, அதைப் பூட்டிவிடும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் லென்ஸின் நடுக் கண்ணாடியும் சேர்ந்து கழன்று, தூரக் கணக்கே பாழ். மாஸ்க்வாவின் துருத்தி பெரும்பாலும் உழைக்கும். அதில் பார்க்கவேண்டியது தூரமானி விலகியிருக்கிறதா என்பது: வளையத்தை முடிவிலியில் வைத்தால் நிலா ஒன்றாகத் தெரியவேண்டும்.

எதுவானாலும் மெதுவாகத் திறங்கள். படக்கென்று திறந்தால் துருத்தி காற்றை இழுத்து ஃபிலிமை உப்ப வைக்கும். திறந்த பிறகு ஃபிலிமைச் சுற்றுவது இன்னும் நல்லது.

தோட்டத்து ஆட்களை வேலையிடத்தில் எடுக்க நினைப்பதால் என் ஓட்டு மாஸ்க்வாவுக்கு. திருவிழாவும் குடும்பப் படமும் போதும் என்பவர் துருத்தி மாற்றிய ஐசொலெட் II வாங்கலாம். III-க்குக் கூடுதல் காசு வீண். தோல் உறையோடு வந்தால் உறையைத் தனியே வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் அதில்தான் முதலில் பிடிக்கும். கேமரா காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும்.