ஏலகிரிக் குளிருக்கு எது சரி: ஹாட் அண்ட் கோல்டு ஏசியா, ஆயில் ஹீட்டரா, ராடு ஹீட்டரா?

வேலூர் ஊருக்குள் இருப்பவர்கள் இதைப் படிக்கத் தேவையே இல்லை. மார்கழி விடியலில் கோட்டையைச் சுற்றி நடக்கப் போகிறவர்கள் குரங்குக் குல்லா போட்டுக்கொள்வது உண்மைதான். ஆனால் பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று வந்துவிடும். ஒரு கம்பளி போதும், மிஷின் எல்லாம் வேண்டாம்.

இது மேலே போய்க் குடியேறியவர்களுக்கு. ரிட்டையர் ஆனதும் ஏலகிரியில் அத்தனாவூரிலோ நிலாவூரிலோ வீடு கட்டிக்கொண்ட காட்பாடி, ஆம்பூர்க்காரர்கள், வேலை நிமித்தம் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் தங்கிவிட்டவர்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒன்றாக இருந்த ஏலகிரியும் ஜமுனாமரத்தூரும் இப்போது ஆளுக்கொரு மாவட்டத்தில் இருக்கின்றன, குளிர் மட்டும் பாகப்பிரிவினை ஆகவில்லை. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் 12 டிகிரி பக்கம் இறங்கும். ஊட்டி மாதிரி புல்லில் உறைபனி படியாது. ஆனால் பனிமூட்டமும் ஈரமும் சேர்ந்து தரையெல்லாம் சில்லிட்டுவிடும். மூட்டுவலி, ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அந்த இரண்டு மாதமும் பாடுதான்.

வேலூர்க் கடைகளில் ஹாட் அண்ட் கோல்டு ஏசி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். “இன்னாத்துக்கு சார் நம்மூர்ல ஹீட்டரு?” என்பதுதான் முதல் பதில். நியாயமான கேள்வி. பெரும்பாலும் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். பார்வைக்குச் சாதாரண இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசிதான். உள்ளே கேஸ் ஓடும் திசையைத் திருப்பிவிடும் ஒரு வால்வு கூடுதலாக இருக்கும். கோடையில் அறையின் சூட்டை வெளியே தள்ளும் அதே மிஷின், குளிர்காலத்தில் வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும்.

12 டிகிரி காற்றில் ஏது சூடு என்று தோன்றும். இப்போது வரும் ஏசிகளில் இருக்கும் ஆர்32 கேஸ், சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு நம் மலைக்காற்று வெந்நீர் மாதிரி. நார்வேயிலும் ஜப்பானின் வடகோடியிலும் இதே வகை மிஷினை வைத்துத்தான் மைனஸ் டிகிரியில் வீட்டைச் சூடாக்குகிறார்கள். அங்கே குளிர் கூடக்கூட மிஷினின் பலன் குறையும். அவுட்டோர் காயிலில் பனி படியும், அதை உருக்க மிஷின் நடுநடுவே சில நிமிடம் திசை மாறி ஓடும். நம் மலைக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும். இந்த மிஷினுக்கு ஏலகிரிக் குளிர் ரொம்பச் சாதகமான குளிர்.

மற்ற எல்லா மின்சார ஹீட்டரும் ஒரு யூனிட் வாங்கி ஒரு யூனிட் சூடுதான் தரும். ராடு (தண்ணீரில் போடுவது இல்லை, அறையில் வைக்கும் சிவந்து எரியும் குழாய்), புளோவர் (ஃபேன் வைத்துச் சூடான காற்றை ஊதுவது), ஆயில் எதுவானாலும் சரி. “ஆயில் ஹீட்டர் கரண்டு கம்மியா எடுக்கும்” என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். “காத்து காய்ஞ்சு போகாது” என்பதும் அரை உண்மை. 12 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் இருந்த காற்றை 22 டிகிரிக்கு ஏற்றினால், எதைக் கொண்டு ஏற்றினாலும் ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். முகத்தில் காற்று அடிக்காததால் ஆயில் ஹீட்டரில் அது தெரிவதில்லை.

ஆனாலும் ஆயில் ஹீட்டரை நான் தள்ளிவிட மாட்டேன். சத்தமே இல்லை. மலையில் கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் கதகதப்பு நிற்கும். சக்கரம் இருப்பதால் ஹாலிலிருந்து படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம், விருந்தாளி வந்தால் அவர்கள் அறைக்கும். விலையும் பத்தாயிரம் ரூபாய் பக்கம்தான். ஏசியோ ஸ்டெபிலைசர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தாண்டும், ஒரே அறையில் உட்கார்ந்துகொள்ளும்.

வித்தியாசம் கரண்டு பில்லில்தான். 2,000 வாட் ஆயில் ஹீட்டரை இரவில் ஆறு மணி நேரம் போடுகிறீர்கள், தெர்மோஸ்டாட் நடுவில் அணைத்து அணைத்துப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரிக்கு 8 யூனிட், அறுபது நாளுக்கு 480 யூனிட். அதே சூட்டை ஹாட் அண்ட் கோல்டு ஏசி சுமார் 140 யூனிட்டில் தந்துவிடும். நம் மின்கட்டணத்தில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் மலிவாகக் கிடைத்த யூனிட்டுக்கும் சேர்த்து ஏறும். பிரிட்ஜ், மோட்டார், கீசர் ஓடும் வீட்டில் ஆயில் ஹீட்டரும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டுவது நிச்சயம்.

ராடு ஹீட்டர் தனி ரகம். செவசெவ என்று எரியும் அந்தக் குழாய் அறையைச் சூடாக்காது, எதிரே உட்கார்ந்திருப்பவரைத்தான் சூடாக்கும். முதுகுப் பக்கம் குளிர் அப்படியேதான் இருக்கும். ஆனால் போட்ட அடுத்த நிமிடமே சூடு. காலையில் காபி குடித்துக்கொண்டே பேப்பர் பார்க்க, சாயங்காலம் டிவி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார 800 வாட் ராடு தாராளம். போட்டுக்கொண்டு தூங்குவதற்கு அது ஆகாது. கம்பளி நுனி மேலே பட்டால் பொசுங்கிவிடும். புளோவர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம், வறட்சி, அணைத்த கையோடு குளிர் திரும்பிவிடும். குளியலறைக்கு வெளியே வைத்துப் பத்து நிமிடம் ஓட்டலாம்.

கரிச் சட்டி, கணப்பு விஷயத்தில் பேரமே கிடையாது. கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியாது. வாசலில் சுற்றி உட்கார்ந்து காய்ந்துவிட்டு, சட்டியை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எந்த மிஷின் என்று கேட்பதற்கு முன்னால் ஒருமுறை தலையைத் தூக்கி மேலே பாருங்கள். ஓட்டு வீடா, தளம் போட்ட வீடா? எங்கள் பெரியம்மாவுக்கு அத்தனாவூரில் நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. அடியில் பலகை அடிக்கவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டே பார்த்தால் ஓட்டுச் சந்தில் வானம் தெரியும். அந்த வீட்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய் மிஷின் வாங்கினால் சூடெல்லாம் மலைக்குத்தான். அங்கே ராடு ஹீட்டர், கால்மாட்டில் வெந்நீர்ப் பை, நல்ல கம்பளி. முதலில் படுக்கையறைக்கு மட்டுமாவது பால்ஸ் சீலிங் அடித்து, கதவின் அடியில் இருக்கும் சந்தை ரப்பர் பட்டையால் அடைத்தால் அப்புறம் மிஷினைப் பற்றிப் பேசலாம்.

தளம் போட்ட வீடு, வருஷம் முழுக்கக் குடியிருப்பு, வயதானவர்கள் உண்டு என்றால் தயங்காமல் ஹாட் அண்ட் கோல்டு ஏசி. பெரியவர்கள் படுக்கும் அறைக்கு மட்டும் ஒரு டன் போதும். கோடையில் ஏலகிரிக்கு ஏசி தேவையா என்று கேட்டால், ஏப்ரல், மே மதியங்கள் முன்பு மாதிரி இல்லை, அப்போதும் ஓடும். சனி, ஞாயிறு மட்டும் மேலே போகிற வீட்டுக்கு அது வீண் செலவு, ஆயில் ஹீட்டரே சரி. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும் 725 மீட்டர் உயரத்துக்கு ராடு ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

ஏசிதான் என்று முடிவு செய்தவர்கள் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், அது குளிரூட்டலுக்குத் தரும் மதிப்பெண். சூட்டுக்கான சிஓபி, அதாவது ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் சூடு தரும் என்ற கணக்கு, எவ்வளவு என்று கேளுங்கள், 3.5க்கு மேல் இருந்தால் நல்லது. ஆயில் ஹீட்டர் வாங்குகிறவர்கள் 16 ஆம்பியர் பவர் பிளக் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2,000 வாட் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், சின்ன பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு மாட்டினால் வயர் உருகும்.

ஹீட் மோடில் போட்டதும் ஃபேன் ஓடாது. காயில் சூடாகும்வரை ஓரிரு நிமிடம் சும்மா இருக்கும், ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். காற்று வரும் மடலைத் தரையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சூடான காற்று மேலேயே போகும், மடல் நேராக இருந்தால் சீலிங்தான் கதகதப்பாக இருக்கும், கட்டிலில் குளிரும். குளிர்காலத்தில் தண்ணீர் சொட்டுவது இன்டோரில் இல்லை, அவுட்டோரில். அதனால் வாசல்படிக்கு மேலே அவுட்டோரை மாட்ட விடாதீர்கள், அடியில் ஒரு டிரெயின் பைப் வைத்துச் செடிப் பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்கள்.