கூகுள் சர்ச் கன்சோல்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

சென்னையில் சிறு கடைகளின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். மயிலாப்பூர் பாத்திரக்கடையோ அம்பத்தூர் லேத் பட்டறையோ, எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கூகுள்ல ஃபர்ஸ்ட் வரணும், எவ்வளவு ஆகும்?" அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குக் கைகொடுப்பது சர்ச் கன்சோல். கூகுளே இலவசமாகத் தருவது. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர். எந்தத் தேடலில் நம் தளம் தென்பட்டது, எத்தனை கிளிக், சராசரியாக எத்தனையாவது இடம், எந்தப் பக்கம் இன்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில், ஏறவில்லை என்பதெல்லாம் இதில் இருக்கும்.

மயிலாப்பூரில் கல்சட்டியும் இரும்புத் தோசைக்கல்லும் விற்கும் ஒரு அக்கா, கடையில் உட்கார்ந்தபடியே தினமும் போனில் தேடிப் பார்ப்பார். "தம்பி, நாமதான் ஃபர்ஸ்ட்!" வேளச்சேரியில் இருக்கும் மகள் தேடினால் கடை கண்ணிலேயே படாது. இரண்டுமே உண்மை. கடைகளைத் தேடும்போது, தேடுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து கடை எவ்வளவு தூரம் என்பதையும் கூகுள் பார்க்கிறது. ஊருக்கெல்லாம் பொதுவான முதலிடம் என்று ஒன்று கிடையாது.

அந்தத் தளத்தில் தலைப்பு "சோப்ஸ்டோன் குக்வேர்". கன்சோலில் ஜனங்கள் தேடிய சொற்களைக் காட்டும் குவெரி பட்டியலைத் திறந்தால் "கல்சட்டி பழக்குவது எப்படி", "கல்சட்டி விரிசல்" என்றுதான் ஜனங்கள் கேட்டிருந்தார்கள். நிறையப் பேர் அதையே ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். "அக்கா, சட்டி வாங்கறவங்ககிட்ட நீங்க சொல்றத அப்படியே சொல்லுங்க, எழுதிடலாம்" என்றேன். எண்ணெயும் மஞ்சளும் தடவி வைப்பது, சூடான வடிகஞ்சியை ஊற்றி ஊறவிடுவது, தினம் அதை மாற்றுவது, அடுப்பில் ஏற்றும்போது முதலில் சிறு தீ என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் போட்டோம்.

கிளிக் ஏறியது, சராசரி இடம் இறங்கியது. அக்கா பதறிவிட்டார். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சராசரி இடம் என்பது நம் தளம் தென்பட்ட தேடல்களை மட்டும் வைத்துப் போடுகிற கணக்கு. முன்பு கடைப் பெயரைச் சொல்லித் தேடியவர்களுக்கு மட்டும் தெரிந்த தளம், அதில் முதலிடம். இப்போது முகமறியாதவர்களின் தேடல்களிலும் 15, 20ஆம் இடங்களில் தலைகாட்டத் தொடங்கியதால் எண் மோசமாகத் தெரிகிறது. வியாபாரத்துக்கு அது நல்ல சேதி. ஒட்டுமொத்த எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு குவெரியாக ஃபில்டர் போட்டுப் பாருங்கள்.

"விளம்பரத்துக்குக் கட்டினா தன்னால மேல வரும்" என்பது இன்னொரு நம்பிக்கை. காசு கட்டினால் கிடைப்பது விளம்பர இடம். அதற்குக் கீழே வரும் இயல்பான முடிவுகளின் வரிசையை அது மாற்றாது என்பதைக் கூகுள் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மெட்டா கீவேர்டு, அதாவது பக்கத்தின் கோடில் மறைவாக எழுதி வைக்கும் தேடல் சொற்கள், இன்னும் மோசம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009லேயே கூகுள் அறிவித்துவிட்டது. அதற்கும் காசு வாங்கிய பில்லை ஒரு வாடிக்கையாளர் என்னிடம் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அவர் உழைத்துச் சம்பாதித்த பணம் அது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. கேரண்டி தருகிறவரிடம் அதைக் காட்டுங்கள்.

"நம்ம தளத்தை நாமே தினம் கிளிக் பண்ணா மேல வரும்" என்பதும் ஒரு நம்பிக்கை. இந்தக் கிளிக் விஷயம் மட்டும் கொஞ்சம் சிக்கலானது. 2023ல் அமெரிக்காவில் கூகுள் மீது நடந்த ஏகபோக வழக்கில், தரவரிசைக்கு உதவும் நேவ்பூஸ்ட் என்ற கூகுளின் உள் அமைப்பு பயனர்களின் கிளிக்குகளைப் பயன்படுத்துவதாகக் கூகுள் தேடல் பிரிவின் அதிகாரி பாண்டு நாயக் சாட்சியம் அளித்தார். ஆனால் அது 13 மாதம் சேர்ந்த, எண்ணற்ற பேரின் கிளிக். வீட்டில் நாலு பேர் தினம் சொடுக்குவது அதில் எந்த மூலைக்கு?

சர்ச் கன்சோலில் குறைகளும் இருக்கின்றன. 16 மாதத்துக்கு முந்தைய விவரம் கிடைக்காது. இரண்டு தீபாவளியை ஒப்பிடலாம், மூன்றாவதை முடியாது. அதனால் மாதாமாதம் ஷீட்டில் இறக்கி வைக்கிறேன். வெகு சிலர் மட்டுமே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும். சிறு கடைக்கு இது பெரிய இழப்பு. இன்டெக்ஸ் செய்யக் கோரும் பொத்தானை அமுக்கினாலும், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கொடுத்தாலும், பக்கம் ஏறியே தீரும் என்றில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள், தளம் உங்களுடையது என்று கன்சோலில் நிரூபிக்கும் டொமைன் சரிபார்ப்பைக் கடை உரிமையாளரின் ஜிமெயிலில் செய்யுங்கள். தளம் செய்து கொடுத்தவருக்குப் பயனர் அனுமதி மட்டும் போதும். நாளை அவர் மாறினாலும் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.