விரலில் மாட்டும் சிலிக்கான் பிரஷ்: ஈறுக்குச் சரி, பல்லுக்குப் போதாது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் கிடைக்கிறது இந்த விரல் பிரஷ். சின்ன டப்பிக்குள் தொப்பி மாதிரி இருக்கும். ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு குழந்தையின் வாயைத் துடைக்கலாம். பிள்ளை பார்க்க வருகிறவர்களும் வாங்கி வந்துவிடுகிறார்கள். முதல் பல் முளைக்கும் வரை இது நல்ல சாமான். பல் வந்த பிறகும் இதையே நம்பியிருந்தால் சொத்தையைத் தடுக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஆறு மாத வாக்கில் கீழ் முன்பல் வரும்வரை, தினம் ஒருமுறை ஈறைத் துடைத்துப் பழக்கினால் பின்னால் பிரஷ் வாய்க்குள் போகும்போது குழந்தை மிரளாது. வாங்கும்போது கனமான சிலிக்கானாகப் பாருங்கள். இழுத்துப் பார்த்து, இழுத்த இடம் வெளுத்துக் கீறல் தெரிந்தால் வேண்டாம். கழுவி ஈரத்தோடு டப்பியில் போட்டு மூடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டம் இது. மூடிய டப்பிக்குள் ஈரம் காயவே காயாது, முட்களின் அடியில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். வெந்நீரில் கொதிக்கவிட்டு, திறந்த தட்டில் காயவையுங்கள். ஆனால் இத்தனை வேலையையும், கொதிக்கவைத்து உலர்த்திய பழைய வேட்டித் துணித் துண்டு ஒன்று செலவில்லாமல் செய்துவிடும்.

இனி குறை. குழந்தைக்குச் சொத்தை பெரும்பாலும் மேல் முன்பற்களில், பல்லும் ஈறும் சேரும் கோட்டில்தான் தொடங்குகிறது. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்ளும், உமிழ்நீரும் கழுவும். மேல்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் குறையும்போது, தேங்கிய இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கி, பல்லின் கடினமான மேலுறையான எனாமலைக் கரைக்கின்றன. சிலிக்கான் முட்கள் தடித்தவை. அவை பல்லின் நடுவில் வழுக்கிப் போகும், அந்தக் கோட்டுக்குள் இறங்காது. ஒரு வயதைத் தாண்டிக் கடைவாய்ப் பல் வந்ததும் இன்னொரு ஆபத்து: கடித்துத் துண்டாக்கினால் அந்தத் துண்டு தொண்டைக்குள் போகலாம்.

ஆகவே முதல் பல் எட்டிப் பார்த்த அன்றே நைலான் முள் பிரஷுக்கு மாறிவிடுங்கள். தலைப்பகுதி ஒன்றரை சென்டிமீட்டருக்குள், மிக மென்மையான முள், பெரியவர் கைக்கு அடங்குகிற தடித்த பிடி. பொம்மை உருவமெல்லாம் பிறகு.

பேஸ்ட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'விழுங்கினாலும் பரவாயில்லை' என்று விற்கும் சிறுவர் பேஸ்ட் பலவற்றில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடே இருக்காது. சிலவற்றில் 500 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 500 பங்குதான். குழாயின் பின்பக்கம் 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். அளவு ஒரு அரிசி மணி, சுமார் 0.1 கிராம், அதில் இருக்கும் ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம்தான். முதல் பல்லிலிருந்தே இந்த அளவைத் தொடங்கலாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014-ல் சொன்னது. மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் வளரும் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்ட்டை மேலே வைக்காமல் முட்களுக்குள் அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் குழந்தை முதலில் அதைச் சப்பிவிடும்.

தேய்க்க இரண்டு பேர் இருந்தால் நல்லது. முட்டிக்கு முட்டி இடிக்க எதிரெதிரே உட்காருங்கள். குழந்தையின் கால் அம்மாவின் இடுப்புப் பக்கம், தலை அப்பாவின் மடியில். அப்பா இடது ஆள்காட்டி விரலை மேல் உதட்டுக்குள் நுழைத்து உதட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மேல் முன்பற்களுக்கு நடுவே உதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய தசை மடிப்பு ஒன்று உண்டு. பிரஷ் அதில் இடித்தால் சுரீரென்று வலிக்கும். பிரஷைக் கண்டாலே அழுகிற பல குழந்தைகளுக்குக் காரணம் இதுதான். விரலால் அந்த மடிப்பை மூடிக்கொண்டு, முட்களை ஈறுப் பக்கம் சாய்த்துச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். எட்டுப் பல்லுக்கு அரை நிமிடம் போதும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, இரவுதான் முக்கியம்.

எந்தப் பிரஷாலும் ஈடுகட்ட முடியாதது, பால் பாட்டிலோடு தூங்கவைப்பது. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி காய்ச்சிக் கருப்பட்டி கரைத்துப் பாட்டிலில் கொடுப்பதும் அதே கதைதான். வெள்ளைச் சீனி இல்லையே என்று பாட்டிமார் சொல்வார்கள், பாசத்தில்தான். ஆனால் கருப்பட்டியிலும் பெரும்பகுதி, சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான், பல்லுக்கு வித்தியாசம் தெரியாது. இனிப்பில்லாமல் கரண்டியில் ஊட்டுங்கள். நிப்பிளைத் தேனில் தோய்ப்பது கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் பொட்டுலிசம் என்ற நச்சு நோயைக் கொண்டுவரலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பல் வந்தபின், தூங்கும் முன் தேய்த்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சாக்பீஸ் கோடு போல வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் தடுக்க நேரமிருக்கிறது. பழுப்பாகிக் குழி விழுந்தால் சிகிச்சைதான். ஒரு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் குலசேகரத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில்தான் இருக்கின்றன. வெள்ளைக் கோட்டுக்கு ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், வலிக்காது. அன்றைக்குப் பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் தேய்த்தால் போய்விடும்.