இன்ஷியலை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மூன்று ஆட்சேர்ப்பு மென்பொருள்கள், ஓர் ஒப்பீடு

ஆட்சேர்ப்பு மென்பொருள்களை ஒப்பிடும் அட்டவணைகள் பெரும்பாலும் வசதிகளை எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. வேலைக்கு வருகிறவர் யார், அவருடைய பெயரும் பயோடேட்டாவும் எந்த வடிவில் வந்து சேர்கின்றன என்ற கேள்விக்கு அவற்றில் இடமில்லை. ஆனால் மென்பொருள் பயன்படுமா, இரண்டே மாதத்தில் கைவிடப்படுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான். எனவே சோஹோ ரெக்ரூட், ஃப்ராப்பே எச்ஆர், ஓப்பன்கேட்ஸ் ஆகிய மூன்றையும் ஓர் இடத்தை மனத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு பம்ப்செட் தொழிற்சாலை, ஆண்டுக்கு முப்பது நாற்பது பேரை வேலைக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் டர்னரும் ஃபிட்டரும் பாதிக்கு மேல். மிச்சம் விற்பனைப் பிரதிநிதிகள், கணக்கர்கள், ஓரிரு வடிவமைப்புப் பொறியாளர்கள்.

மூன்றின் பிறப்பும் வேறு வேறு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் பெயர் மாறிய சோஹோ, ரெக்ரூட்டைத் தன் சர்வரிலேயே வைத்து, பயன்படுத்துவோர் எண்ணிக்கைப்படி சந்தா வாங்குகிறது. ஃப்ராப்பே எச்ஆர், மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின், கணக்கு முதல் சரக்கு வரை ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் கவனிக்கும் இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளுக்குள் ஒரு பகுதியாக இருந்து, 2022இல் தனியாகப் பிரிந்தது; திறந்த மூலம், அதாவது மூலநிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம், உரிமக் கட்டணம் கிடையாது. ஓப்பன்கேட்ஸும் திறந்த மூலமே. கேட்ஸ் என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைத்து, பிஎச்பி என்ற நிரல்மொழியிலும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்திலும் ஓடுகிறது.

ஓப்பன்கேட்ஸ் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகளுக்காக எழுதப்பட்டது. அந்தப் பிறவிக்குறி எங்கும் தெரிகிறது. ஒவ்வொரு வேலையும் ஏதேனும் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரில்தான் பதிவாக வேண்டும். சொந்த நிறுவனத்துக்கு ஆள் எடுப்பவர் 'உள் பணியிடங்கள்' என்ற பொருளில் ஏற்கெனவே அமைத்துவைக்கப்பட்ட ஒரு பெயரின் கீழ் ஒதுங்கிக்கொள்கிறார். விண்ணப்பத்தின் நிலைகளில் 'வாடிக்கையாளர் நிராகரித்தார்' என்றும் ஒன்று உண்டு, தொழிற்சாலைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. சோஹோ ரெக்ரூட் ஏஜென்சிக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று எனத் தனித்தனிப் பதிப்புகள் வைத்திருக்கிறது. ஃப்ராப்பே எச்ஆரோ முழுக்க முதலாளியின் பக்கத்திலிருந்து யோசிக்கிறது. எத்தனை பேர் தேவை என்ற திட்டம், துறைத்தலைவரின் கோரிக்கை, அதன்பின் அறிவிப்பு என்று வரிசை போகிறது.

இனி பெயர். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. சோஹோ ரெக்ரூட்டில் கடைசிப் பெயர் கட்டாயம். ஓப்பன்கேட்ஸ் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையுமே கேட்கிறது. விண்ணப்பதாரர் ஒருவர் இன்ஷியலை முதல் கட்டத்தில் இடுவார், அடுத்தவர் கடைசிக் கட்டத்தில் இடுவார், மூன்றாமவர் தந்தையின் முழுப்பெயரையே எழுதிவிடுவார். ஒரே ஆள் இரு முறை விண்ணப்பித்தால் இருவராகத் தெரிவதும், தானாகப் போகும் மின்னஞ்சல் 'அன்புள்ள கே' என்று தொடங்குவதும் இதனால்தான். எனக்கே அப்படியொரு கடிதம் வந்திருக்கிறது. அனுப்பிய நிறுவனத்தின் மீது அன்றே பாதி மதிப்புப் போய்விட்டது. ஃப்ராப்பே எச்ஆரில் விண்ணப்பதாரர் பெயருக்கு ஒரே கட்டம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது வேறோர் இடத்தில் காலை வாருகிறது: மின்னஞ்சல் முகவரி இல்லாமல் விண்ணப்பத்தைச் சேமிக்க விடாது. ஐடிஐ முடித்து வரும் பையன் அண்ணனின் முகவரியையோ, பிரவுசிங் சென்டர்காரரின் முகவரியையோ கொடுத்துவிட்டுப் போவான். நேர்காணல் அழைப்பு அங்கே போய்த் திறக்கப்படாமல் கிடக்கும். நிறுவும்போதே கைப்பேசி எண்ணைக் கட்டாயமாக்கி, அழைப்பைத் தொலைபேசியிலேயே சொல்லும் வழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

பயோடேட்டாவைப் பிரித்துப் படிப்பதில் சோஹோ ரெக்ரூட் முன்னே நிற்கிறது என்பதில் ஐயமில்லை. ஆங்கிலத்தில் ஒழுங்காக அமைந்த ரெஸ்யூமிலிருந்து படிப்பு, அனுபவம், தொடர்பு எண் ஆகியவற்றை எடுத்து உரிய கட்டங்களில் அதுவே இட்டுவிடும். ஓப்பன்கேட்ஸ் கோப்பிலுள்ள உரையை உருவித் தேடலுக்கு வைத்துக்கொள்கிறது, அதற்கும் சர்வரில் சில துணை நிரல்களைத் தனியே நிறுவ வேண்டும். ஃப்ராப்பே எச்ஆர் கோப்பை இணைத்து வைப்பதோடு சரி. ஆனால் நம் தொழிற்சாலைக்கு வரும் பயோடேட்டாவில் ஒரு பங்கு டிடிபி கடையில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அந்தக் கோப்பிலிருந்து உரையை உருவினால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குப்பைதான் வரும். இன்னொரு பங்கு வாட்ஸ்அப்பில் வரும் மடிப்பு விழுந்த தாளின் புகைப்படம். எனவே ரெஸ்யூம் பிரிக்கும் வசதிக்காக மட்டும் கூடுதல் சந்தா கட்ட நினைப்பவர், கடந்த ஆண்டு வந்த விண்ணப்பங்களில் எத்தனை, எல்லாக் கணினிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடிலோ ஆங்கிலத்திலோ இருந்தன என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.

அறிவிப்பு வெளியிடுவதில் வேறுபாடு சிறிது. கூகுள் வேலைத் தேடலில் இடம்பெற, பணியின் பெயர், விவரம், இடம், நிறுவனம், வெளியிட்ட நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட கட்டமைப்பில் பக்கத்துக்குள் எழுத வேண்டும். முடிந்துபோன வேலையை நீக்காமல் வைத்திருந்தால் கூகுள் நடவடிக்கை எடுக்கக்கூடும். ஃப்ராப்பே எச்ஆரில் முடிவு நாளைக் குறித்துவிட்டால் அறிவிப்பு தானே மூடிக்கொள்கிறது. ஓப்பன்கேட்ஸில் ஒருவர் நினைவு வைத்துப் போய் எடுக்க வேண்டும்.

தேர்வுக்குப் பிந்திய வேலையில் ஃப்ராப்பே எச்ஆரை மற்ற இரண்டும் எட்டவில்லை. விண்ணப்பம், நேர்காணல் கருத்து, பணி வாய்ப்புக் கடிதம், நியமனக் கடிதம், ஊழியர் பதிவு, சம்பளம் எல்லாம் ஒரே சங்கிலி. தொழிற்சாலை ஏற்கெனவே இஆர்பிநெக்ஸ்ட்டில் கணக்கு எழுதுகிறது என்றால் மறுபடி தட்டச்சு செய்வதே இல்லை. சோஹோவில் இதற்கு சோஹோ பீப்பிள் என்ற வேறொரு மென்பொருளுடன் இணைக்க வேண்டும். ஓப்பன்கேட்ஸ் ஆளை வேலையில் அமர்த்தியதும் கையை உதறிக்கொள்கிறது.

2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிராகரிக்கப்பட்டவர்களின் ஆதார் நகலையும் மதிப்பெண் பட்டியலையும் காலவரையின்றிச் சேர்த்துவைக்கும் பழக்கத்துக்கு அது இடம் தராது. உச்சபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். சோஹோவுக்குச் சென்னையிலும் மும்பையிலும் தரவு மையங்கள் உண்டு. 'எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்கிறோம்' என்று ஓப்பன்கேட்ஸ்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. யாரும் புதுப்பிக்காத சர்வர் அலுவலகத்துக்குள் இருந்தாலும் பாதுகாப்பானது ஆகிவிடாது.

ஆகவே, இஆர்பிநெக்ஸ்ட் ஏற்கெனவே இருக்கும் தொழிற்சாலைக்கு ஃப்ராப்பே எச்ஆரையே சொல்வேன். அது இல்லாமல், பெரும்பாலும் பொறியாளர்களையும் விற்பனையாளர்களையும் எடுக்கும் நிறுவனத்துக்குச் சோஹோ ரெக்ரூட். ஒரே ஒரு வேலை அறிவிப்பை மட்டும் நடத்த அதன் இலவசத் திட்டமே போதும், பழகிப் பார்க்கவும் அதுவே வழி. ஓப்பன்கேட்ஸை, சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கும் சிறு ஏஜென்சியைத் தவிர வேறு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுக்கு ஐந்தாறு பேரை மட்டும் எடுப்பவர் எக்செல்லிலேயே தொடரலாம், பெயருக்கு ஒரு நெடுவரிசை, இன்ஷியலுக்குத் தனியாக ஒரு நெடுவரிசை வைத்து.