மார்ஃபின் மாத்திரையா, ஒட்டும் பேட்ச்சா?

எங்கள் அப்பாருக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. கோபி பக்கம் தோட்டத்துச் சாளையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். கடும் வலிக்கு இரண்டு வழி சொன்னார்கள்: மார்ஃபின் மாத்திரை, இல்லையென்றால் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச். ஃபென்டனிலும் மார்ஃபின் வகை வலி மருந்துதான்; தோல் வழியாக உடம்பில் ஏறும்.

கேட்டதும் பேட்ச்தான் சுலபமாகத் தெரிந்தது. ஒருமுறை ஒட்டினால் 72 மணி நேரம். விழுங்க வேண்டாம், மலச்சிக்கலும் குறைவு. ஆனால் ஒட்டியவுடன் வலி அடங்காது, அரை நாளுக்கு மேல் ஆகும். மயக்கம் கூடிப்போய் உரித்தெடுத்தாலும் உடம்பில் ஏறிய மருந்து சட்டென்று குறையாது. அதைவிட முக்கியம் சூடு. காய்ச்சல் வந்தாலோ பேட்ச் மேல் சூடு பட்டாலோ மருந்து வேகமாக உடம்பில் ஏறி, மூச்சே மந்தமாகிவிடலாம். வலி என்றால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதுதான் நம் வீடுகளில் முதல் வேலை. அங்கேதான் ஆபத்து. மார்ஃபின் வகை மருந்தே பழகாதவருக்கு எடுத்த எடுப்பில் பேட்ச் ஒட்டவும் கூடாது.

மாத்திரைக்கு மெனக்கெட வேண்டும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று காலண்டர் தாளில் எழுதி வைத்தோம். இரவு மட்டும் டாக்டர் சொன்னபடி இரட்டை அளவு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டியதில்லை. அரை மணியில் வலி தணியத் தொடங்கும். அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். மூச்சுத்திணறலுக்கும் உதவும், விலையும் குறைவு. ஆனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாங்கள் ஒரு வாரம் விட்டுவிட்டோம். வலியைவிட அதில்தான் அவர் அதிகம் தவித்தார்.

"போதை மருந்தையா கொடுக்கறீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுப்பதை அப்படிப் பார்ப்பது தவறு. மார்ஃபின் கிடைப்பதைச் சுலபமாக்க 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியும் எல்லா மெடிக்கலிலும் அது கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும். தீர நாலு நாள் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நர்ஸம்மாவிடமும் கேட்கலாம்.

என்னைக் கேட்டால் முதலில் மாத்திரைதான். விழுங்க முடியாதவருக்கு, ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கு, சிறுநீரகம் பழுதானவருக்கு பேட்ச். கடைசி நாட்களில் வலி திடீரென்று ஏறினால் புதுப் பேட்ச் உடனே கைகொடுக்காது. தோலுக்கடியில் போடும் ஊசிக்கு யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வையுங்கள்.

அளவு சரியான அன்று காலையில் அப்பாரு சொன்னார்: "ராத்திரி நல்லாத் தூங்குனேன் கண்ணு."