ஜாவா இன்னர் கிளாஸ்: நீண்ட நாள் புழங்கிய அனுபவம்

ஆத்தங்குடிக் கல் பட்டறைகளுக்கான ஆர்டர் மென்பொருளைக் காரைக்குடியில் இருந்தபடி பல வருடங்களாக ஜாவாவில் எழுதிப் பராமரித்து வருகிறேன். டிசைன், சதுர அடி, பார்டர் கல் என ஆர்டரின் ஒவ்வொரு வரியும் ஓர் இன்னர் கிளாஸ் பேனல்; அதாவது, ஒரு கிளாஸுக்குள் (ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் நிரல் அச்சு) எழுதிய இன்னொரு கிளாஸ். அதைச் சுற்றியிருக்கும் வெளிக் கிளாஸ்தான் விண்டோ. சதுர அடியை மாற்றினால், மொத்தத் தொகையைக் கூட்டும் வெளி மெத்தடை (கிளாஸில் எழுதிய செயல்பாடு) வரியே நேராக அழைத்துக்கொள்ளும். அந்த மெத்தட் பிரைவேட்டாக, அதாவது பிற கிளாஸ்களுக்கு மூடியதாக இருந்தாலும் தடையில்லை. 1997இல் ஜாவா 1.1 உடன் வந்த வசதி இது. திரை சார்ந்த வேலைக்கு இன்றும் இதையே விரும்பி எடுக்கிறேன்.

உள்ளே நடப்பது எளிது. இன்னர் கிளாஸின் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்குள்ளும் வெளி ஆப்ஜெக்டைச் சுட்டும் ரெஃபரன்ஸ் ஒன்றை, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் தானாகவே வைத்துவிடுகிறது. அழைப்பு அதன் வழியாகத்தான் போகிறது.

கவனம் வேண்டிய இடம் பெயர்தான். வரிக்குள்ளிருந்து டிஸ்போஸ் என்று அழைத்தால் விண்டோ மூடும், பேனலில் அந்தப் பெயரில் மெத்தட் இல்லை என்பதால். ரீபெயின்ட் என்று அழைத்தாலோ அந்த ஒரு வரி மட்டும்தான் புதுப்பிக்கப்படும். பேனலுக்கே ரீபெயின்ட் உண்டு. பெயர் உள்ளேயே கிடைத்துவிட்டால் கம்பைலர் வெளியே தேடுவதில்லை. அளபுருக்கள் (மெத்தடுக்குக் கொடுக்கும் மதிப்புகள்) பொருந்தாவிட்டால்கூடப் பிழை காட்டுமே தவிர வெளியே போகாது. அதனால் வெளி மெத்தட் எதுவானாலும் வெளிக் கிளாஸின் பெயர், புள்ளி, திஸ், புள்ளி என்று முழுதாகவே எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது அந்த நீளம் உதவுகிறது.

அடுத்தது மெமரி. பின்னணியில் ஓடும் டைமர் வேலையை இன்னர் கிளாஸாக எழுதினால், விண்டோவை மூடிய பிறகும் அந்த ரெஃபரன்ஸ் அதை மெமரியிலிருந்து விடாது. நாள் முழுக்கத் திறந்திருக்கும் பட்டறைக் கணினியில் இது சேர்ந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட வேலைகளுக்கு ஸ்டாட்டிக் நெஸ்டட் கிளாஸ்தான் (வெளி ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸ் இல்லாத உள்கிளாஸ்) சரி. ஜாவா 18 முதல், பயன்படாத ரெஃபரன்ஸைக் கம்பைலர் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வெளி மெத்தடை அழைக்கும் கிளாஸுக்கு அதனால் பயனில்லை.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர், பைதான் மொழியில் உள்கிளாஸிலிருந்து வெளி மெத்தடை இப்படி நேராக அழைப்பது ஏன் நடக்கவில்லை என்று கேட்டார். அங்கே உள்கிளாஸுக்கு வெளி ஆப்ஜெக்ட் தெரியாது, நாமேதான் கொடுக்க வேண்டும். காட்லின் என்ற மொழியில் இன்னர் என்று எழுதிக் கேட்டால் மட்டுமே ரெஃபரன்ஸ் வரும். எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது; புதிய திரைகளை இப்போது காட்லினில்தான் எழுதுகிறேன்.