டிஸ்க்கா, கேபிளா? ஸ்மார்ட்மான்டூல்ஸ் பல வருடப் பயன்பாட்டில்

கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ நடத்துபவனுக்குக் கல்யாணப் படங்கள்தான் சொத்து. அத்தனையும் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. அதனால் உபுண்டு லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸைப் பல வருடமாக ஓட்டுகிறேன். டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' எண்களைப் படித்துக் காட்டும் புரோகிராம் அது. இலவசம். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக வரும், பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் குறை. அது 'பாஸ்டு' என்று சொல்லும் ஒட்டுமொத்தத் தீர்ப்பை நான் மதிப்பதே இல்லை. தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் வாய் திறக்கும். ஃபைல் படிக்கத் திணறுகிற டிஸ்க்குக்கும் 'பாஸ்டு' போட்டதைப் பார்த்திருக்கிறேன். கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்விலும், செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்மார்ட் எச்சரிக்கை எதுவும் காட்டாமலே போனவை. ஆக, எண்கள் சுத்தமாக இருந்தாலும் பேக்கப் வேண்டும்.

நான் பார்ப்பது அது தரும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198, 199 என்ற எண்ணுள்ள வரிகள். வலது ஓரத்தில் உள்ள எண்ணை மட்டும். 5 என்பது பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள். 198 என்பது டிஸ்க் தானே சோதித்தபோது படிக்க முடியாதவை. 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். துலாமழைக் காலத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் இது ஏறலாம். அந்த இடத்தில் மறுபடி எழுதினால் சில சமயம் சரியாகிவிடும். இறங்காமல், கூடவே 5ம் ஏறினால் தட்டு பழுதாகிறது என்று அர்த்தம்.

199 வேறு கதை. டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே டேட்டா எத்தனை முறை சிதைந்தது என்ற கணக்கு அது. வேலந்தாவளத்திலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஹார்ட் டிஸ்க் போயிருச்சுங்கண்ணா, புதுசு போடச் சொல்லிட்டாங்க" என்றார். லினக்ஸ் தன் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். தட்டு பழுதென்றால் எரர் வரியில் 'யுஎன்சி' (திருத்த முடியாத பிழை) இருக்கும். இதில் 'ஐசிஆர்சி, ஏபிஆர்டி' (வழியில் டேட்டா சிதைந்து, வேலை கைவிடப்பட்டது). அடுத்த வரியிலேயே டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளின் வேகத்தை 6.0இலிருந்து 3.0 ஜிபிபிஎஸ்ஸுக்கு லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் தானே குறைத்திருந்தது. அதாவது டிஸ்க் சரியாகப் படிக்கிறது, வழியில் சிதைகிறது. 197 பூஜ்யம், 199 நூற்றுக்கணக்கில். கேபிளை மாற்றினேன், அவ்வளவுதான். 199 ஒருபோதும் இறங்காது. மேலே ஏறாமல் நின்றால் போதும். அது தெரியாமல் நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறார்கள், எனக்கு எரிச்சல் அதில்தான்.

விண்டோஸ்காரர்கள் கம்ப்யூட்டரின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் வரும் 7ஆம் எண் பதிவைத் தேடலாம். அது பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் பழுதான இடம். 153 என்றால் மறுபடி முயன்றிருக்கிறது என்று பொருள், கேபிளாகவும் இருக்கலாம்.

யுஎன்சி வந்த டிஸ்க்கில் விண்டோஸின் சரிபார்ப்புப் புரோகிராமான செக்டிஸ்க்கை ஓட்டவே மாட்டேன். பாதி உயிரில் இருப்பதை ஓடவிட்டுக் கொல்வது அது. முதலில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புப் புரோகிராமால் வேறு டிஸ்க்குக்கு முழுப் பிரதி. நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு அடம்பிடிப்பதைப் பிறகு பார்க்கும்; எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஸ்க் டிக் டிக் என்று அடித்தால் மட்டும் இதுவும் வேண்டாம், உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

இன்னொரு தலைவலி டிஸ்க்கை வெளியே மாட்டும் யுஎஸ்பி பெட்டிகள். சிலவற்றில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் கட்டளையில் 'டி சாட்' என்ற ஆப்ஷன் சேர்த்தால்தான் விவரம் வரும். சில அப்படியும் தராது. அப்போது டிஸ்க்கைக் கழற்றி நேராக சாட்டாவில் மாட்டிப் பார்க்கிறேன்.